எங்கள் வீட்டு இஞ்சினீயரும் அய்யனின் மண்டியும்

1

நாங்கள் மலாய் நாட்டுக்கு வந்து இந்த ஆவணியோடு ஐந்து வருஷம் ஆகிறது. அதற்கு விசேஷமாக என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். விசேஷம் ஒரு கூடை ஆரஞ்சுப் பழமாகத் தானே வீடு தேடி வந்தது.

என் வீட்டுக்காரர் இங்கே டவுன் போர்டில் உதவி இஞ்சினீயர். அவர் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அவருக்கு ஒன்றும் ஆகாது. ஊரில் என் ஆத்தா இதை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டால் எனக்குத்தான் ஆகும். பெரிய இஞ்சினீயரான வெள்ளைக்காரத் துரை ஆறு மாத லீவில் சீமைக்குக் கப்பலேறிவிட்டார். அவர் திரும்பும்வரை அந்த நாற்காலி இவருக்கு. இதற்கு இங்கிலீஷில் 'ஆக்டிங்' என்று பெயராம். சந்தோஷத்தில் நானும், 'உங்கள் மாப்பிள்ளை இப்போது ஆக்டிங் இஞ்சினீயர்' என்று ஊருக்கு எழுதிப் போட்டுவிட்டேன்.

சேலத்திலேயே டாக்கி எடுக்கிற காலம் இது. ஆக்டிங் என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் ஒரே அர்த்தம்தான். தெருவே கூடிப் படித்திருக்க வேண்டும். பதில் வந்தது: 'மாப்பிள்ளை ஆக்டு பண்ணுவதில் எல்லோருக்கும் சந்தோஷம். என்ன வேஷம் என்று எழுதவும். இஞ்சினீயர் உத்தியோகத்தை மட்டும் விட வேண்டாம்.'

வேஷம் என்னவென்றால், ரோடு, சாக்கடை, தெருவிளக்கு, பாலம், மார்க்கெட் கூரை, பஸ் நிற்கும் இடம், ரிக்ஷா நிற்கும் இடம் எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி. ஊரில் யார் எங்கே கால் வைத்து இடறினாலும் திட்டு இவருக்கு வரும். நாற்காலியில் உட்கார்ந்த இரண்டாம் நாளே, கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருக்கும் சீன முதலாளி ஆரஞ்சுக் கூடையோடு வந்தார். பஸ் நிற்கும் கம்பத்தை எதிரிக் கடை வாசலிலிருந்து பிடுங்கித் தன் கடை வாசலில் நட வேண்டும், அவ்வளவுதான். அவர் மலாயில் பேச, இவர் மலாயில் பதில் சொல்ல, அரை மணி நேரம் இருவரும் சிரித்தபடியே இருந்தார்கள். கடைசியில் முதலாளியோடு கூடையும் வெளியே போயிற்று.

எங்கள் மகள் வள்ளிக்கு ஒன்பது வயது. அவள் ஓவென்று அழுதாள். "அம்மா, அப்பா ஏன் ஆரஞ்சை ஹலாவ் பண்ணிட்டாரு?" ஹலாவ் என்றால் மலாயில் விரட்டுவது. இவள் பேசும் தமிழில் பாதி இப்படித்தான். ரோட்டுக்கு இங்கத்துத் தமிழர் வழக்கப்படி 'சடக்கு' என்பாள். எங்கள் பக்கத்தில் இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித் தடத்தை இட்டேரி என்போம். அதை ஒருநாள் சொன்னேன். இட்டிலிக்குத் தங்கை என்று நினைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு" என்றாள்.

அவள் அழுகையைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அம்மிணி சிரிப்பு?" என்றார் இவர்.

"இதையவிடப் பெரிய கூடை திரும்பிப் போனதப் பாத்திருக்கறேனுங்க."

அவரும் சிரித்துவிட்டார். அந்தக் கூடையைக் கொண்டுவந்தவர் என் சொந்த அப்பா. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட சமவெளியில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், நிறைய இருக்கிறது. சுற்றிலும் சோளக்காடு, கடலைக்காடு, நடுநடுவே பாறை. ஊருக்குள் பெரிய ரோடு ஒன்றே ஒன்று. சேலத்திலிருந்து ஈரோடு போகும் மோட்டார் பஸ், பருத்தி வண்டி, கடலைக்காய் வண்டி, எருமை, கல்யாண ஊர்வலம் எல்லாம் அதில்தான்.

அப்பாவை நாங்கள் அய்யன் என்போம். எங்கள் அய்யன் நாச்சிமுத்து அந்த ரோட்டின் மேல் கடலைக்காய் மண்டி வைத்திருந்தார். நகரசபையில் மெம்பரும்கூட. அவர் மண்டியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டால் சந்தைப்பேட்டையில் மாடுகள் திரும்பிப் பார்க்கும். மண்டிக்கு முன்னால் ரோட்டை ஒட்டிப் பெரிய தகரக் கொட்டகை ஒன்று. தாத்தா காலத்தில் நாலு கால் நட்டுப் போட்டது. வருஷத்துக்கு ஒரு சாண் ரோட்டுப் பக்கம் நகர்ந்து வந்தது. கொட்டகைக்குக் கால் இருப்பதால் நடக்கிறது என்று ஆத்தா கேலி செய்வாள்.

என் வீட்டுக்காரர் மதராஸில் படித்தவர். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது நாமக்கல் பக்கம் ஓவர்சியராக இருந்தார். வள்ளி பிறந்த வருஷம் எங்கள் ஊர் நகரசபைக்கே இஞ்சினீயராக வந்தார். எல்லோருக்கும் சந்தோஷம், இவர் ஒருவரைத் தவிர.

"மாமனாரு மெம்பரா இருக்கற ஊருல இஞ்சினீயரா இருக்கறது, மாமியாரு பரிமாறற பந்தியில உக்காந்த மாதிரி. போதும்னு சொல்ல முடியாது," என்றார்.

சொன்னது சரியாகப் போயிற்று. விடிந்தால் வாசலில் கூட்டம். என்னைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள் ஆகையால் நேராகச் சமையலறைக்கே வந்துவிடுவார்கள்.

"ஏனம்மிணி, இஞ்சினீரு எந்திரிச்சாச்சா? எங்க ஊட்டு முன்னால சாக்கடை நிக்குது."

"இப்பத்தானுங்க பல்லு வெளக்கறாரு."

"வெளக்கட்டும், வெளக்கட்டும். அதே கையோட சாக்கடையும் வெளக்கச் சொல்லு சாமி."

தெருவிளக்கு வெளிச்சம் கட்டிலில் விழுகிறது, தூக்கம் வரவில்லை என்று ஒருத்தி வருவாள். அந்த வெளிச்சம் தன் வீட்டுக்குக் கொஞ்சம்கூட வரவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி வருவாள். ஒரு பெரியவர் ரோட்டை அமுக்கும் நீராவி எஞ்சினை ஒருநாள் இரவல் கேட்டார், கடலைக்காய் காயப்போடும் களத்தைக் கெட்டிப்படுத்த வேண்டுமாம். "நானே ஓட்டிக்கறேன், டிரைவரு வேண்டாமுங்க," என்று தாராளமாகச் சொன்னார். இவர் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பதில் சொல்வார். சோறு ஆறிப்போகும். நான் மறுபடி சுட வைப்பேன். அந்த உத்தியோகத்தில் என் பங்கு அதுதான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

3

ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தை நாள். அய்யனின் கொட்டகைக்கு எதிரே ஈரோட்டிலிருந்து வந்த பஸ் மாட்டிக்கொண்டது. முன்னால் பருத்தி வண்டிகள், பின்னால் கடலைக்காய் வண்டிகள். பஸ்ஸுக்குள் ஒரு பெண் பிரசவ வலியோடு துடித்துக்கொண்டிருந்தாள். சேலத்து ஆஸ்பத்திரிக்குப் போகிறவள். கூட ஒரு மாமியார்க் கிழவி மட்டும்.

டிரைவர் ஹாரனை அமுக்கினான். மாடுகள் மிரண்டு வண்டிகள் இன்னும் குறுக்கே விழுந்தன. சத்தம் கேட்டு மண்டிக்குள்ளிருந்து ஆத்தா வந்து எட்டிப் பார்த்தாள். "அட கெரகமே! இவ இனிச் சேலம் போயிச் சேர மாட்டா," என்று சொல்லிக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள். ஆண்களை இறங்கச் சொன்னாள். நான் மண்டியில் இருந்தேன். கைக்கு அகப்பட்ட சேலைகளைக் கொண்டுபோய் ஜன்னல்களில் கட்டினேன். அய்யன் சாக்குத் தைக்கும் கோணூசியைக் கையில் பிடித்தபடி பஸ்ஸைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அக்கட்டால போங்கடா! கூத்தா நடக்குது இங்க? ஏய், அந்த மாட்டப் புடி!"

சந்தைக்கூட்டம் முழுவதும் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து நின்றது. பிறகு ஒரு குழந்தை அழுகிற சத்தம். கூட்டத்திலிருந்து எழுந்த அப்படியொரு ஆரவாரத்தை எங்கள் ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. பெண் குழந்தை. தாய்க்கும் ஒன்றுமில்லை. டிரைவர்தான் மயங்கி விழுந்திருந்தான்.

அய்யன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த மறுநிமிஷம் அவருக்குக் கோபம் வந்தது. கோணூசியோடு நேராக நகரசபை ஆபீசுக்குப் போனார். அந்த வாரக் கூட்டத்தில் அவர் பேசியது பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் கேட்டதாம்.

"இது ரோடா, கோழிக்கூண்டா? ஒரு பொம்பள மானத்தோட புள்ள பெத்துக்க ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியல. இந்த ரோட்ட அகலம் பண்ணியே ஆகோணும். எவன் எடத்துல வந்தாலும் செரி, இடிச்சுத் தள்ளோணும். தாட்சணியமே கூடாது!"

மேஜையைத் தட்டி எல்லோரும் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். வீட்டுக்கு வந்த இவர் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. "அய்யன் எவ்வளவு நல்லாப் பேசினாராம்! உங்களுக்குச் சந்தோஷமில்லையா?" என்றேன். "சந்தோஷந்தான்," என்று மோரைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டார். ரோட்டை அகலப்படுத்தும் கோடு எங்கே விழும் என்று இவர் கண் அளந்துவிட்டிருந்தது.

4

கோடு கொட்டகைக்குள் விழுந்தது. முழுக் கொட்டகையும் கோட்டுக்குள். சங்கிலி பிடித்து அளந்து, சுண்ணாம்பால் மண்டிச் சுவரோரம் இவரே குறி போட்டார். அய்யன் அப்போது ராசிபுரம் சந்தைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து சுண்ணாம்புக் கோடு வரை அடி வைத்து அளந்து பார்த்தாராம்.

மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னால் ஓர் ஆள் தலையில் பெரிய கூடை. நிறைய மாம்பழம், வாசலுக்கு வருமுன்பே வாசனை வந்துவிட்டது.

"மாப்பிள்ளைக்குக் கொஞ்சம் பழம் கொண்டாந்தேனுங்க," என்று உட்கார்ந்தார். மழை பற்றிப் பேசினார். கடலைக்காய் விலை பற்றிப் பேசினார். பிறகு மெதுவாக, "அந்தச் சங்கிலிய ஒரு பக்கமா, கொஞ்சமே கொஞ்சம் வளச்சுப் புடிச்சா என்னங்க மாப்பிள்ளை? ரோடுதானுங்களே, ஆறு வளயறதில்லியா?"

"மாமா, பழத்தச் சாப்பிடறேனுங்க. கோட்ட மாத்த முடியாதுங்க."

அய்யன் இவரையே பார்த்தார். "முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

"அப்பப் பழத்தக் குடுத்துருங்க."

சொன்னபடியே கூடையைத் தூக்கச் சொல்லிவிட்டார். கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது வள்ளி அதற்குள் ஒரு பழத்தைக் கடித்துவிட்டிருந்தாள். அய்யன் குனிந்து அவள் மோவாயைத் துடைத்துவிட்டு, "இது ஒண்ணு இருக்கட்டும்," என்று நடந்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. அய்யன் போனதும் நானும் இவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, எதிர்ப்பக்கமே எடமில்லையா? அங்க கோட்டப் போட்டா என்னங்க?"

இவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "வா," என்றார்.

மண்டிக்கு எதிரே நெசவாளர் வீடுகள் வரிசையாக இருந்தன. எவ்வளவோ தடவை அந்த வழியாக நடந்திருக்கிறேன், உள்ளே போனதில்லை. முதல் வீட்டில் பொன்னம்மா என்பவள் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். தெருச்சுவருக்கும் தறிக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். அதற்குப் பின்னால் அடுப்பு. அவ்வளவுதான் வீடு. இவர் தெருச்சுவரிலிருந்து அடிமேல் அடி வைத்து அளந்து, தறிக்கு மேலே கையை நீட்டி, "எதிர்ப்பக்கம் போட்டா, கோடு இங்க விழும்," என்றார்.

பொன்னம்மா தறி நாடாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "என்னங்க அம்மிணி, என்ன அளக்கறீங்க? எங்களயும் எடுக்கப் போறீங்களா?"

"இல்லீங்க, இல்லீங்க. சும்மா பாக்க வந்தோமுங்க," என்றேன். அவள் எழுந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கோட்டைப் பற்றி நான் பேசவில்லை.

5

இதுவரை எழுதியதை வள்ளிக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம். "அப்புச்சி வில்லனா?" என்றாள். பள்ளிக்கூடத்தில் கற்ற சொல். அம்மாவைப் பெற்றவரை அப்புச்சி என்று சொல்ல வேண்டும் என்பதை மட்டும் எப்படியோ மறக்காமல் வைத்திருக்கிறாள், முகம் நினைவில்லாவிட்டாலும். "இல்லை சாமி, அப்புச்சி மெம்பர்," என்றேன். புரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கொட்டகையை எடுக்கும் நாள் வந்தது. அதற்குள் பல மாதங்கள் போய்விட்டன. நகரசபையில் அய்யனுக்கு வேண்டியவர்கள் கோட்டை மாற்றப் பார்த்தார்கள். இஞ்சினீயரையே மாற்றிவிடலாம் என்றும் ஒரு பேச்சு வந்தது. ஆனால் தாட்சணியம் கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதியிருந்தது. அதை எழுதச் சொன்னவரும் அய்யன்தான். ஆத்தா பின்தெரு வழியாக வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போவாள். பொங்கலுக்குப் பிறந்த வீட்டிலிருந்து சேலை வரவில்லை. அது சின்ன விஷயம் என்று ஆண்கள் நினைக்கலாம்.

காலையில் இவர் ஆட்களோடும் கடப்பாறைகளோடும் போனார். அய்யன் கொட்டகைக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஊர் முழுக்கக் கூடியிருந்தது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வள்ளியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய், கூட்டத்தில் முன்னால் நின்றேன்.

இவர் நோட்டீசை எடுத்து முறைப்படி வாசித்தார். வாசித்து முடித்ததும் அய்யன் கேட்டார்:

"யாருங்க நீங்க?"

"நகரசபை இஞ்சினீயருங்க."

"எம்மகளக் கட்டுனவரு சாயல் தெரியுதே?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இவர் காது சிவந்துவிட்டது. "ஆமாங்க. ரெண்டு பேரும் ஒருத்தருதானுங்க," என்றார்.

"அப்ப அவருகிட்டச் சொல்லுங்க. நா இங்கிருந்து எந்திரிக்கறதா இல்ல."

இவர் நின்றார். மாமனார் உட்கார்ந்திருக்கும் கூரையில் கடப்பாறை வைக்க இவருக்கு மனம் வரவில்லை. திரும்பிப் போகவும் வழியில்லை. ஆட்கள் இவர் முகத்தைப் பார்த்தபடி நின்றார்கள். வெயில் ஏறியது.

அப்போது சேலத்துப் பஸ் வந்தது. ரோட்டில் கூட்டம், பஸ்ஸால் நகர முடியவில்லை. ஹாரன். எதிரே இரண்டு பருத்தி வண்டி. ஒரு மாடு படுத்துக்கொண்டது. பின்னால் இன்னொரு வண்டிக்காரன் சந்து கிடைத்தது என்று நுழைந்து அச்சை முறித்துக்கொண்டான். பஸ்ஸிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தார்கள்.

அய்யனைக் கவனித்தேன். முதலில் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பிறகு நாற்காலிக் கையைப் பிடித்துப் பாதி எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். "மொதல்ல அந்த மாட்ட எழுப்பாம என்னடா பண்றான்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வருஷக்கணக்காக அந்த இடத்தில் நெரிசலை விலக்கி விலக்கிப் பழகிய மனுஷர். தாங்க முடியவில்லை.

"ஏய்! வண்டியப் பின்னால தள்ளு! பஸ்ஸுக்காரா, ஹாரன நிறுத்து, மாடு மிரளுதில்ல?"

எழுந்தே விட்டார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கி, மாட்டின் வாலை முறுக்கினார். எல்லார் கண்ணும் அவர் மேல். இவர்கூட அச்சு முறிந்த வண்டியை நிமிர்த்தக் கைகொடுக்க ஓடிவிட்டார்.

கொட்டகை காலியாக இருந்தது. கடப்பாறை ஆட்களின் மேஸ்திரி என்னைப் பார்த்தான். எனக்குப் பொன்னம்மா கொடுத்த தண்ணீர் ஞாபகம் வந்ததா, வராத பொங்கல் சேலை ஞாபகம் வந்ததா, சொல்லத் தெரியவில்லை. வள்ளியை இறக்கிவிட்டு, முதலில் அய்யனின் நாற்காலியைத் தூக்கி மண்டிக்குள் பத்திரமாக வைத்தேன். பிறகு, "எடுங்க," என்றேன்.

இஞ்சினீயர் சம்சாரம் சொன்னால் இஞ்சினீயர் சொன்ன மாதிரி என்று அவர்கள் நினைத்திருக்கலாம். தகரங்கள் மடமடவென்று இறங்கின, கால்களையும் பிடுங்கிப் போட்டார்கள். ரோட்டில் இருந்த கூச்சலில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. பஸ் நகர்ந்தது. எடுத்த இடத்தின் வழியாகத்தான் நகர்ந்தது, தாராளமாக. அய்யன் வியர்வையைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். தலைக்கு மேலே வானம்.

"யாரு உத்தரவு குடுத்தது?" என்று இவர்தான் முதலில் கத்தினார்.

"நாந்தானுங்க," என்றேன்.

அய்யன் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், போய்க்கொண்டிருக்கும் பஸ்ஸைப் பார்த்தார். வள்ளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாப்பிள்ளை," என்றார் அய்யன். அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்து எத்தனையோ மாதமாகியிருந்தது. "உங்களுக்கு உத்தியோகம் செய்யத் தெரியலீங்க. அடுத்த வேலைக்கு எம்மகளயே இஞ்சினீரா வெச்சுக்கச் சொல்றேன்."

அதோடு மண்டிக்குள் போய் ஆத்தாவிடம் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துச் சோறு போடச் சொன்னார்.

6

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றால் நாங்கள் ஏன் ஊரைவிட்டு வந்தோம் என்று கேட்பீர்கள். நல்லபடியாக முடிந்ததால்தான்.

ரோடு அகலமான மறு வருஷம் அய்யன் சொந்தமாக ஒரு பஸ் வாங்கினார். வாங்கிய நாளிலிருந்து ரோட்டில் எந்த இடமும் அவருக்குப் போதவில்லை. "இன்னும் ரெண்டடி எடுத்திருக்கலாமுங்க மாப்பிள்ளை. அன்னிக்கு எம்மூஞ்சிக்குப் பயந்துட்டீங்க," என்று இவரையே குற்றம் சொன்னார். அது போதாதென்று, மாமனார் கொட்டகையையே எடுத்த நேர்மையான மாப்பிள்ளை என்று போகிற ஊரெல்லாம் இவர் புகழைப் பாடினார். பயணிகள் சொல்லும் குறை எல்லாம் பஸ்ஸிலேயே சேர்ந்து, சாயங்காலம் எங்கள் வீட்டில் வந்து இறங்கும். குமாரபாளையத்துப் பாலத்தில் விளக்கில்லை, சேந்தமங்கலம் ரோட்டில் பள்ளம் என்று எங்கள் நகரசபைக்குச் சம்பந்தமே இல்லாத குறைகளும் வரும். "மாமா, அது எங்க எல்லையில்லீங்க," என்றால், "நா உங்களப் பத்திச் சொல்லிப்போட்டேனுங்களே," என்பார்.

கோபமாக இருந்த மாமனாரை இவர் சமாளித்துவிட்டார். பெருமைப்படும் மாமனாரைச் சமாளிக்க முடியவில்லை. மலாய் நாட்டில் வேலை காலி என்று பத்திரிகையில் பார்த்ததும் எழுதிப் போட்டுவிட்டார்.

புறப்பட்ட அன்று அய்யனே தம் பஸ்ஸில் எங்களை ஈரோடு ரயிலடிக்கு ஏற்றிக்கொண்டு போனார். முன் சீட்டில் வள்ளியை மடியில் வைத்துக்கொண்டு, வழியில் தெரிந்த ஒவ்வொன்றையும் அவளுக்குக் காட்டினார். எங்கள் ஊர் எல்லை தாண்டியதும் பஸ் குலுங்கத் தொடங்கியது. "பாத்தீங்களா மாப்பிள்ளை, இது நீங்க போட்ட ரோடில்ல," என்றார். அவர் வாயால் வந்த ஒரே நேர்ப் புகழ்ச்சி அது. இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரயிலடியில் ஆத்தா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அய்யன் அழவில்லை, எங்கள் மூட்டைகளை எண்ணி, மறுபடி எண்ணிக்கொண்டிருந்தார். ரயில் ஊதியதும் ஜன்னலுக்குள் கையை விட்டு இவர் தோளைப் பிடித்தார்.

"மாப்பிள்ளை, போற எடத்துலயும் மாமனாருக இருப்பாங்க. எவன் வந்து கேட்டாலும் கோட்ட மாத்தாதீங்க. எனக்கு மாத்தாதத இன்னொருத்தனுக்கு மாத்துனீங்கன்னு காதுல உளுந்துதோ, கப்பலேறி வந்துருவேன், ஆமா."

இவர் தலையை ஆட்டினார். வண்டி நகர்ந்தது. அய்யன் பிடித்த கையை விடாமல் கூடவே நடந்து வந்தார். பிளாட்பாரம் முடியும் இடம் வரைக்கும் வந்தார்.